பட்டை வரைபடம் தப்பாக வருகிறதா? முதலில் அட்டவணையைப் பாருங்கள்

எக்செலில் அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட்' போய், பட்டைப் படத்தை அழுத்தினால் ஏதோ ஒரு படம் வந்துவிடும். அது நாம் நினைத்த படமாக இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் நிறத்தை மாற்றுவது, டிசைனை மாற்றுவது, அழித்துவிட்டு மறுபடி போடுவது என்று அரை மணி நேரம் படத்தோடு மல்லுக்கட்டுவோம். கோளாறோ முக்கால்வாசி நேரம் அட்டவணையில் இருக்கும். படம் அதை அப்படியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிமுறையை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். மெனு பெயர்கள் எக்செலில் உள்ளவை. லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் கூகுள் ஷீட்ஸிலும் பெயர் கொஞ்சம் மாறும், சங்கதி ஒன்றுதான். எடுத்துக்காட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை இது:

1951: 3,01,19,047
1961: 3,36,86,953
1971: 4,11,99,168
1981: 4,84,08,077
1991: 5,58,58,946
2001: 6,24,05,679
2011: 7,21,47,030

இரண்டே நெடுவரிசை, ஏழே வரிசை. இவ்வளவு சின்ன அட்டவணையிலேயே எத்தனை தகராறு வரும் என்று பாருங்கள்.

ஆண்டுகளும் பட்டையாக எழுந்து நிற்கின்றன

அடிக்கடி வருவது இதுதான். கீழ் அச்சில் 1951, 1961 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1, 2, 3 என்று இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்குப் பதில் இரண்டு பட்டை. மக்கள்தொகையை லட்சத்தில் எழுதியிருந்தால் கூத்து இன்னும் பெரிது. 301, 337, 412 என்று போகும் உண்மையான பட்டைகள் குட்டையாக நிற்க, பக்கத்திலேயே கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் ஏழு நெடிய பட்டைகள் மதில்போல் நிற்கும். அவை வேறொன்றுமில்லை, 1951 முதல் 2011 வரையிலான ஆண்டு எண்கள். மக்கள்தொகையை முழு எண்ணாக எழுதியிருந்தால் நேர் எதிராக நடக்கும். கோடிக்கு முன்னால் இரண்டாயிரம் எம்மாத்திரம்? ஆண்டுப் பட்டை கண்ணுக்கே தெரியாது. கீழே 1, 2, 3 என்று வருவதும், ஓரக் குறிப்பில் 'ஆண்டு' என்று ஒரு நிறம் கூடுதலாக இருப்பதும்தான் காட்டிக்கொடுக்கும்.

காரணம் எளிது. 1951 ஒரு பெயரா, அளவா என்று மென்பொருளுக்குத் தெரியாது. எண்ணாக இருந்தால் அளவு என்று எடுத்துக்கொள்கிறது.

சரிசெய்ய மூன்று வழி. சுலபமானது: அட்டவணையின் இடது மேல் மூலையில் 'ஆண்டு' என்று இருக்கும் தலைப்பை மட்டும் அழித்து, அந்தச் செல்லைக் காலியாக விட்டு, மறுபடி தேர்ந்தெடுத்துப் படம் போடுங்கள். மூலை காலியாக இருந்தால் முதல் நெடுவரிசையைப் பெயராக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது: ஆண்டுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு எழுத்தாக மாற்றுவது. மூன்றாவது: படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'செலக்ட் டேட்டா' போய், இடது பக்கப் பட்டியலிலிருந்து 'ஆண்டு' தொடரை நீக்கிவிட்டு, வலது பக்கத்தில் 'எடிட்' கொடுத்து ஆண்டுகள் உள்ள செல்களைக் காட்டுவது. படத்தை ஏற்கெனவே அழகுபடுத்தி முடித்திருந்தால் மூன்றாவதுதான் நல்லது, செய்த வேலை வீணாகாது.

பட்டையே எழவில்லை, அல்லது சில பட்டைகள் மட்டும் காணவில்லை

செல்லில் எண் பளிச்சென்று தெரிகிறது, படத்தில் சுழியாக இருக்கிறது. அப்படியென்றால் அது எண் இல்லை, எண் வேடம் போட்ட எழுத்து. பிடிஎஃப் கோப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது இது நடக்கும்.

கண்டுபிடிக்க: எண்கள் இயல்பாகச் செல்லின் வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரம் ஒட்டும். யாராவது நடுவில் நிறுத்தி வைத்திருந்தால் இந்த அடையாளம் போய்விடும், அந்தச் சீரமைப்பை நீக்கிவிட்டுப் பாருங்கள். எக்செலில் செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரிந்தால் அதை அழுத்தி 'கன்வர்ட் டு நம்பர்' கொடுத்தால் முடிந்தது. கால்க்கில் கன்ட்ரோலும் எஃப்8 விசையும் சேர்த்து அழுத்தினால் எண்கள் நீலமாகவும் எழுத்துகள் கறுப்பாகவும் பிரிந்து தெரியும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. எக்செலில் இப்படி ஒன்று இல்லையே என்று அவ்வப்போது தோன்றும்.

பச்சை முக்கோணமும் இல்லை, ஆனாலும் எண்ணாக மறுக்கிறது என்றால், எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் சாதாரண இடைவெளி இல்லை. இணையப் பக்கங்களில் வரி உடையாமலிருக்கப் போடும் ஒரு தனி வகை. ஸ்பேஸ் பாரைத் தட்டி அதைத் தேடினால் சிக்காது, 'டிரிம்' சூத்திரத்துக்கும் அகப்படாது. செல்லுக்குள் போய் அந்த ஒரு இடைவெளியை மட்டும் செலக்ட் செய்து நகலெடுத்து, கன்ட்ரோலும் எச் விசையும் அழுத்தி, மேல் கட்டத்தில் ஒட்டி, கீழ்க் கட்டத்தைக் காலியாக விட்டு எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். எண்கள் மடமடவென்று வலது ஓரத்துக்குத் தாவுவது கண் முன்னால் தெரியும்.

எண்ணுக்குப் பின்னால் 'லட்சம்', 'மி.மீ.', 'ரூ.' என்று செல்லுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தாலும் இதே கதிதான். அலகு தலைப்பில் இருக்க வேண்டும், செல்லில் எண் மட்டும் இருக்க வேண்டும்.

ஒரு பட்டை கூரையை முட்டுகிறது, மற்றதெல்லாம் தரையோடு தரையாக

கடைசி வரிசையைப் பாருங்கள். 'மொத்தம்' என்று இருக்கும். மாவட்ட வாரியான அட்டவணையில் மாநில மொத்தத்தையும் சேர்த்து இழுத்துத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். 2011 கணக்கில் மிகப் பெரிய மாவட்டமான சென்னையே 46,46,732 பேர்தான். மாநில மொத்தம் அதைப்போல் 15 மடங்குக்கு மேல். மிகச் சிறிய பெரம்பலூர் 5,65,223. மொத்தப் பட்டையை 10 செ.மீ. உயரத்துக்கு வரைந்தால் பெரம்பலூர் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. மொத்தத்தை விட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள், எல்லாப் பட்டையும் நிமிர்ந்துவிடும்.

மொத்தம் இல்லை, ஆனாலும் ஒன்று முட்டுகிறது என்றால் அலகுக் கலப்படம். சில வரிசைகள் லட்சத்தில், ஒன்றிரண்டு முழு எண்ணில். இரண்டு பேர் சேர்ந்து நிரப்பிய அட்டவணையில் இது சகஜம். பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்திப் பார்த்தால் அலகு மாறிய வரிசைகள் ஒன்றாக மேலே வந்து உட்காரும்.

சில சமயம் தரவே அப்படித்தான் இருக்கும். 2011-ல் சென்னையின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500. மாநிலச் சராசரி 555. இதை ஒரே படத்தில் போட்டால் மற்ற மாவட்டங்கள் கண்ணுக்குத் தெரியாது. பட்டையின் நடுவில் வளைவுக் கோடு போட்டு வெட்டிச் சுருக்குவது ஒரு பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டையின் நீளம்தான் செய்தியே, அதை வெட்டிவிட்டால் என்ன மிச்சம்? மற்ற மாவட்டங்களைத் தனிப் படமாகப் போட்டு, சென்னையின் எண்ணைத் தலைப்புக்குக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். போதும்.

சில மாவட்டங்களுக்குப் பெயர் இருக்கிறது, பட்டை இல்லை

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெயர்ப் பொருத்தம். ஒரு தாளில் 'திருச்சி', இன்னொரு தாளில் 'திருச்சிராப்பள்ளி'. ஒன்றில் 'கன்னியாகுமரி', மற்றதில் 'கன்யாகுமரி'. 'வி-லுக்கப்' (VLOOKUP, பெயரை வைத்து இன்னொரு தாளிலிருந்து எண்ணைத் தேடி எடுக்கும் சூத்திரம்) போட்டு எண்ணை இழுத்திருந்தால் பிழைச் செய்தி வந்திருக்கும், படத்தில் அந்த இடம் வெற்றிடம். பெயர்களை ஒரே மாதிரி ஆக்குங்கள்.

மற்றது கொஞ்சம் ஆழமானது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள்தான். இப்போது 38. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-ல் பிரிந்தன. நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை 2020-ல். அப்புறம், சென்னை மாவட்டத்தின் எல்லையே 2018-ல் விரிந்து, பரப்பளவு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஆக, இன்றைய மாவட்டப் பட்டியலை இடது பக்கம் வைத்து 2011 எண்களை வலது பக்கம் ஒட்டினால் ஆறு மாவட்டங்களுக்குப் பட்டை வராது. அதைவிட மோசம், பட்டை வரும் திருநெல்வேலியும் வேலூரும் இன்றைய திருநெல்வேலி, வேலூர் இல்லை. தென்காசியைச் சேர்த்துத்தான் 2011-ல் திருநெல்வேலி 30 லட்சத்தைத் தாண்டியது.

இங்கே வெற்றிடத்தில் சுழி போட்டு நிரப்பவே கூடாது. சுழி என்றால் ஒருவரும் இல்லை என்று பொருள், காலி என்றால் தெரியாது என்று பொருள். அந்த ஆண்டின் மாவட்டப் பட்டியலையே பயன்படுத்துங்கள், அல்லது பிரிந்த மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு மறுபடி கூட்டி இரண்டு ஆண்டுகளையும் ஒரே எல்லைக்குக் கொண்டுவாருங்கள். வட்ட அளவிலான எண்கள் கிடைத்தால் புதிய எல்லைக்கும் கணக்கிடலாம், வேலை கொஞ்சம் கூடும்.

2021-க்கு ஒரு பட்டை வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த ஆண்டு கணக்கெடுப்பே நடக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். கொரோனாவால் தள்ளிப்போனது. எங்காவது 2021 எண் கிடைத்தால் அது மதிப்பீடு. போடலாம், ஆனால் வேறு நிறத்தில், 'மதிப்பீடு' என்று எழுதிப் போடுங்கள்.

வயதுப் பிரிவு இருந்த இடத்தில் தேதி

'5-9' என்று அடித்தீர்கள், என்டர் தட்டியதும் '05-செப்' என்று மாறிவிட்டது. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மே 9 ஆகியிருக்கும். இதை டெக்ஸ்டாக மாற்றினால் 5-9 திரும்பி வரும் என்று நினைக்காதீர்கள். 2025-ல் அடித்திருந்தால் 45905 என்று ஓர் ஐந்து இலக்க எண் வந்து நிற்கும். எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் உள்ளே வைத்திருக்கிறது, நீங்கள் அடித்தது அப்போதே போய்விட்டது. நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அப்புறம் அடிக்க வேண்டும். அல்லது '5 முதல் 9' என்று எழுதிவிடுங்கள், தகராறே இல்லை.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமில்லை. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் 'மார்ச் 1', 'செப்ட் 1' என்று இருந்ததால் எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020-ல் மரபணுப் பெயர்களையே மாற்றி அறிவித்தார்கள்.

வயதுப் பிரிவு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிவுகளின் அகலம் சமமாக இருக்கிறதா? 0-4, 5-9, 10-14 என்று போய்க் கடைசியில் '60-க்கு மேல்' என்று முடிந்தால், அந்தக் கடைசிப் பட்டை நாற்பது வருடங்களை ஒரே பட்டைக்குள் அடைத்துக்கொண்டு உயரமாக நிற்கும். முதியவர்கள்தான் அதிகம் என்று படம் பார்ப்பவர் நினைத்துக்கொள்வார். ஐந்தைந்தாக உடைக்க முடியாவிட்டால் மற்றவற்றை இருபது இருபதாகச் சேர்த்துவிடுங்கள்.

பட்டைகள் ஊசிபோல் மெலிந்து, நடுவில் பெரிய பெரிய இடைவெளி

கீழ் அச்சில் தேதிகள் இருக்கும். எக்செல் அதைக் கண்டதும் காலண்டர் அச்சாக மாற்றிவிடும். 1961-க்கும் 1971-க்கும் நடுவே உள்ள ஒன்பது வருடங்களுக்கும் காலி இடம் ஒதுக்கும். அச்சின் மேல் ரைட் கிளிக், 'ஃபார்மேட் ஆக்சிஸ்', அதில் 'டெக்ஸ்ட் ஆக்சிஸ்'. பட்டைகள் உடனே தடிக்கும். தேதி இல்லாமலேயே மெலிந்திருந்தால் பட்டையை அழுத்தி 'கேப் விட்த்' அளவைக் குறையுங்கள். 50 முதல் 80 சதவீதம் வரை வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். சுழி ஆக்கிவிடாதீர்கள். பட்டைகள் ஒட்டிக்கொண்டால் அது நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்) போலத் தெரியும், அது தொடர்ச்சியான அளவுகளுக்கு உரியது.

டெக்ஸ்ட் ஆக்சிஸில் ஓர் ஆபத்து உண்டு. அசாமில் 1981-ல் கணக்கெடுப்பு நடக்கவில்லை, ஜம்மு காஷ்மீரில் 1991-ல் நடக்கவில்லை. அசாம் அட்டவணையை அப்படியே படமாக்கினால் 1971-ம் 1991-ம் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாக நிற்கும். இருபது வருட வளர்ச்சி பத்து வருடத்தில் நடந்தது மாதிரி ஒரு திடீர் ஏற்றம் தெரியும். அட்டவணையில் 1981 என்று ஒரு வரிசை போட்டு எண்ணைக் காலியாக விடுங்கள், இடைவெளி சரியாக விழும்.

காலப் போக்கைக் காட்டக் கோடு போதுமே, பட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1786-ல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் வணிகக் கணக்குகளை ஆண்டு வாரியாகக் கோடுகளாகத்தான் வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவர் கையில் 1780-81 என்ற ஒரே ஓர் ஆண்டின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்குதான் இருந்தது. ஓர் ஆண்டை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! அதனால் 17 இடங்களுக்குப் பக்கத்துப் பக்கமாகப் பட்டைகள் போட்டார். பட்டை வரைபடம் அப்படித்தான் அச்சேறியது. ஏழெட்டு ஆண்டுகள் என்றால் பட்டை தாங்கும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் என்றால் கோட்டுக்குப் போய்விடுங்கள்.

எதை எதோடு ஒப்பிடுவது என்பது தலைகீழாகிவிட்டது

ஆண், பெண் எண்ணிக்கை இரண்டு ஆண்டுகளுக்கு இருக்கிறது. லட்சத்தில் சொன்னால், 2001-ல் ஆண்கள் 314.0, பெண்கள் 310.0. 2011-ல் ஆண்கள் 361.4, பெண்கள் 360.1. ஒவ்வோர் ஆண்டிலும் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்த நினைத்தீர்கள். படமோ ஆண்களின் இரண்டு ஆண்டு ஒரு ஜோடி, பெண்களின் இரண்டு ஆண்டு இன்னொரு ஜோடி என்று வந்துவிட்டது. 'ஸ்விட்ச் ரோ/காலம்' (Switch Row/Column) என்ற பொத்தான் இதற்காகவே இருக்கிறது. வரிசையிலும் நெடுவரிசையிலும் எது எண்ணிக்கையில் அதிகமோ அதைக் கீழ் அச்சில் போடுவது எக்செலின் வழக்கம், உங்கள் கேள்வி அதற்குத் தெரியாது.

பக்கத்தில் ஒட்டி நிற்பதைத்தான் கண் முதலில் ஒப்பிடும். எதை ஒப்பிட வேண்டுமோ அது ஒரே ஜோடிக்குள் இருக்கட்டும்.

பொத்தானை அழுத்திச் சரிசெய்த பிறகும் இந்தப் படத்தில் ஒன்றும் தெரியாது, கவனித்தீர்களா? ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு பட்டையும் ஏறக்குறைய சம உயரம். இந்த அட்டவணையின் சுவாரசியமே வித்தியாசத்தில் இருக்கிறது. ஆண்கள் பெண்களைவிட 2001-ல் 3,96,139 பேர் கூடுதல், 2011-ல் 1,28,920 பேர்தான் கூடுதல். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அதைக் காட்ட வேண்டுமானால் கழித்து இன்னொரு நெடுவரிசை போட்டு, அதைப் படமாக்குங்கள்.

சின்ன வித்தியாசம் மலையாகத் தெரிகிறது

இதுதான் எல்லாவற்றையும்விட அபாயமானது. மற்ற கோளாறுகள் பார்த்ததும் கோளாறு என்று தெரியும். இது அழகாக வரும்.

2011-ன் எழுத்தறிவு விகிதத்தை எடுப்போம். கன்னியாகுமரி 91.75, சென்னை 90.18, தூத்துக்குடி 86.16, நீலகிரி 85.20 சதவீதம். இந்த நான்கை மட்டும் படமாக்குங்கள். எக்செல் செங்குத்து அச்சைச் சுழியில் தொடங்காது. மிகச் சிறிய எண் மிகப் பெரிய எண்ணுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தால், அதாவது இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அச்சை நடுவிலிருந்து தொடங்கிவிடும். அச்சு 84-ல் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியின் பட்டை 7.75 அலகு உயரம், நீலகிரியுடையது 1.20. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! நீலகிரியில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது. உண்மையில் வித்தியாசம் ஆறரை சதவீதப் புள்ளிதான்.

இப்போது ஐந்தாவதாகத் தருமபுரியைச் சேருங்கள், 68.54 சதவீதம். படம் சட்டென்று மாறும், அச்சு தானாகச் சுழிக்கு இறங்கிவிடும். நாலு மாவட்டம் இருந்தபோது ஒரு கதை, ஐந்தாவது வந்ததும் வேறு கதை. நடுவில் யாரும் எதையும் தொடவில்லை. அதனால் தானியங்கி அளவை நம்பாதீர்கள். அச்சில் ரைட் கிளிக், 'ஃபார்மேட் ஆக்சிஸ்', 'மினிமம்' என்ற இடத்தில் 0 என்று நீங்களே அடித்துவிடுங்கள். பட்டை வரைபடத்துக்கு இதில் விலக்கு கிடையாது. கோட்டு வரைபடத்தில் அச்சு நடுவில் தொடங்கலாம், அங்கே கண் பார்ப்பது சரிவை. இங்கே பார்ப்பது நீளத்தை.

சுழியில் தொடங்கினால் எல்லாம் ஒரே உயரமாகி வித்தியாசமே தெரியவில்லையே என்பீர்கள். அப்போது ஒரு நடுக்கோட்டிலிருந்து விலகலை வரையுங்கள். பாலின விகிதம் நல்ல எடுத்துக்காட்டு. ஆயிரம் ஆண்களுக்கு நீலகிரியில் 1042 பெண்கள், தருமபுரியில் 946. நேராக வரைந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆயிரத்தைக் கழித்துவிட்டால் நீலகிரி +42, தருமபுரி -54. ஒன்று மேலே போகும், ஒன்று கீழே தொங்கும், அச்சும் சுழியில்தான் இருக்கும். ஏமாற்றும் இல்லை, செய்தியும் தெரிகிறது.

மாவட்டப் பெயர்கள் சாய்ந்து விழுகின்றன, பாதி காணவில்லை

தமிழ்ப் பெயர்கள் நீளம். 'திருச்சிராப்பள்ளி', 'கிருஷ்ணகிரி' எல்லாம் செங்குத்துப் பட்டைக்குக் கீழே அடங்காது. எழுத்தைச் சாய்த்தும் பார்க்கும், முடியாவிட்டால் ஒன்று விட்டு ஒன்று மறைத்துவிடும். எழுத்தைச் சிறிதாக்கி மாளாது. படுக்கைப் பட்டைக்கு மாற்றுங்கள், பெயர்கள் இடது பக்கம் நிம்மதியாக உட்காரும். எக்செலில் நிற்கும் பட்டைக்குக் 'காலம்' (Column) என்றும் படுத்திருப்பதற்குப் 'பார்' (Bar) என்றும் பெயர்.

மாற்றியதும் வரிசை தலைகீழாகும். அட்டவணையில் முதலில் இருந்த சென்னை படத்தில் அடியில் போய்விடும். பெயர் அச்சின் அமைப்பில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்யுங்கள். அட்டவணையைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திவிட்டால் படம் பாதி தானே பேசும். அகர வரிசை அகராதிக்குச் சரி.

பெயர்களுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. நிர்மலா, லதா, நோட்டோ போன்ற ஒன்றுக்கு மாற்றுங்கள். ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அச்சில் சுழிகளாகக் கொட்டிக் கிடக்கின்றன

80,000,000 என்று மேற்கத்திய முறையில் காற்புள்ளி விழுந்திருக்கும். அச்சின் 'டிஸ்ப்ளே யூனிட்ஸ்' பட்டியலில் லட்சம், கோடி என்ற பெயர்கள் இருக்காது, 100000, 10000000 என்று எண்ணாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு நெடுவரிசை போட்டு 1,00,000-ஆல் வகுத்து, அதைப் படமாக்கி, அச்சின் தலைப்பில் 'லட்சத்தில்' என்று எழுதுவதே நேர்வழி. முழு எண்தான் வேண்டும் என்றால் எண் வடிவத்தில் 'கஸ்டம்' போய் இதை ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

7,21,47,030 என்று நம் முறையில் வந்துவிடும். எதிர்ம எண்களுக்கு இது ஒத்துவராது.

பட்டையின் தலை எந்தக் கோட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை

முப்பரிமாணப் படம் போட்டிருக்கிறீர்கள். பட்டை முன்னால், அளவுக்கோடு பின்னால். 50-ஐத் தொட வேண்டிய பட்டை 48-ல் நிற்பதாகத் தெரியும். தட்டையான வகைக்கு மாற்றுங்கள். வேறு வைத்தியம் இல்லை.

கையால் வரையும்போது தாள் போதவில்லை

பிள்ளைகளின் கணக்கு நோட்டில் இது தினசரி நிகழ்ச்சி. முதல் எண்ணுக்கு ஏற்ற அளவுத்திட்டம் வைத்துத் தொடங்கி, கடைசிப் பட்டை தாளைத் தாண்டி ஓடும். மிகப் பெரிய எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே உள்ள அட்டவணையில் அது 721 லட்சம். தாளில் 16 செ.மீ. உயரம் கிடைக்கிறது என்றால் 721-ஐ 16-ஆல் வகுக்க 45 சொச்சம். அதை மேல்நோக்கி 50-ஆக ஆக்குங்கள். 1 செ.மீ. = 50 லட்சம். 1951-க்கு 6 செ.மீ., 1981-க்கு 9.7, 2011-க்கு 14.4. வரைபடத் தாளில் சின்னக் கட்டம் 1 மி.மீ., அதாவது 5 லட்சம், கணக்குச் சுலபம். 45 என்றே வைத்திருந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் வகுத்து மண்டை காய வேண்டும். அளவுத்திட்டத்தை ஓரத்தில் எழுத மறக்க வேண்டாம், மதிப்பெண் அங்கேயும் இருக்கிறது.

படம் சரிதான், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை

'மக்கள்தொகை வளர்ச்சி குறைந்ததா?' என்பது கேள்வி. ஏழு பட்டைகளும் ஏறிக்கொண்டே போகின்றன. பார்த்தவர், எங்கே குறைந்தது, கூடிக்கொண்டுதானே இருக்கிறது என்பார். அவர் படித்தது தப்பில்லை, நாம் போட்ட நெடுவரிசை தப்பு. முந்தைய கணக்கெடுப்பைக் கழித்து, அதே முந்தைய எண்ணால் வகுத்து நூறால் பெருக்கி ஒரு புது நெடுவரிசை போடுங்கள். 1971-ல் முடிந்த பத்தாண்டுக்கு 22.3 சதவீதம் வரும். அடுத்தது 17.5, அதற்கடுத்து 15.4, 2001-க்கு 11.7. இறங்குமுகம் பளிச்சென்று தெரியும். ஆனால் 2011-ல் மறுபடி 15.6-க்கு ஏறியிருக்கும். எண்ணிக்கைப் படத்தில் இந்தத் திருப்பம் கண்ணில் படவே படாது. 1951-க்கு மட்டும் பட்டை வராது, அதற்கு 1941-ன் எண் வேண்டும். கிடைக்காவிட்டால் அச்சை 1961-லிருந்து தொடங்கிவிடுங்கள்.